ஃபென்டனில் தூள் கையில் பட்டால் நமக்கும் மூச்சு நின்றுவிடுமா?

இரவுப்பணி:
ஆம்புலன்ஸ் வேலைக்கு வந்து எட்டு மாதம். போன வாரம் மூச்சடங்கிக் கிடந்த ஒருவரைப் பார்க்கப் போனோம். தலைமாட்டில் வெள்ளைத் தூள் சிந்திக் கிடந்தது. ஃபென்டனிலாக இருக்குமோ (போதைக்கும் எடுக்கும் வீரியமான வலிமருந்து) என்று பயம். கூட வந்த அண்ணன் கதவருகிலேயே நின்றுவிட்டார். சற்று நேரத்தில் அவருக்கே படபடப்பு, விரலெல்லாம் மரத்துப்போனது. மூச்சு கொடுக்கும் ஆம்பு பேகை (கையால் அழுத்தும் பை) நான் ஒருத்தனே அழுத்தினேன். தோலில் பட்டாலே ஆளைச் சாய்த்துவிடும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பழைய ஸ்ட்ரெச்சர்:
தம்பி, எனக்கு இதில் பதினாறு வருடம். ஓபியாய்டு (ஃபென்டனில், மார்ஃபின் வகை மருந்து) உள்ளே போனால் ஆள் அசந்துபோவார், கண்மணி சுருங்கும், மூச்சு குறையும். அந்த அண்ணனுக்கு நடந்தது நேர்மாறு. பயத்தில் மூச்சு வாங்கியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அவரைத் திட்டாதீர்கள், அதுவும் நிஜமான அவஸ்தைதான்.

2017-ல் அமெரிக்க நச்சியல் மருத்துவர்களின் இரண்டு சங்கங்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தன. மருந்து ஆலைகளில் அளந்த அதிகபட்சக் காற்றுத்தூசியில் முகமூடி இல்லாமல் நின்றாலும் ஒரு சாதாரண மருத்துவ டோஸான 100 மைக்ரோகிராம் ஃபென்டனில் உள்ளே போக 200 நிமிடம் ஆகுமாம். வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டையே வேலைசெய்ய மணிக்கணக்கில் ஆகிறது. நைட்ரைல் கையுறை போதும். தூள் பறப்பது கண்ணுக்குத் தெரிந்தால் என்95 முகமூடி போடுங்கள், மின்விசிறியைப் போடாதீர்கள். கையுறையோடு முகத்தைத் தொடவே கூடாது.

கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான். சானிடைசர் வேண்டாம், அது மருந்தைத் தோலுக்குள் இழுத்துவிடக்கூடும்.

இரவுப்பணி:
ஐயோ, அன்றைக்கு வண்டியில் ஏறியதும் சானிடைசரைத்தான் தேய்த்தேன்!

வார்டு அக்கா:
தம்பி, தூளைவிட ஊசிக்குப் பயப்படுங்கள். மயங்கிக் கிடந்தவரின் பேண்ட் பையில் அடையாள அட்டை தேடிக் கையை விட்டேன்; கையுறையைத் துளைத்துக்கொண்டு ஊசி ஏறிவிட்டது. அன்றே எச்ஐவி தடுப்பு மாத்திரை தொடங்கினார்கள் (72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்), 28 நாள் விழுங்கினேன். ஹெபடைடிஸ் சி பரிசோதனைக்கு மாதக்கணக்கில் அலைந்தேன். அந்த நாட்களில் என் மகளுக்கு நகம் வெட்டிவிடக்கூட மனம் வரவில்லை. பையைக் கத்தரியால் வெட்டித் திறங்கள், கையை விடாதீர்கள்.

பழைய ஸ்ட்ரெச்சர்:
அக்கா சொன்னதை அந்த அண்ணனுக்கும் காட்டுங்கள். இன்னொன்று: நாலாக்ஸோன் (ஓபியாய்டை முறிக்கும் மருந்து) கொடுத்ததும் நோயாளி கண் திறந்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். அது வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம்தான், மூச்சு மறுபடி அடங்கலாம். சீருடையை நிலையத்திலேயே மாற்றிவிட்டு, குளித்துவிட்டுப் போய்க் குழந்தையைத் தூக்குங்கள்.

இரவுப்பணி:
நாளை இரவும் அவரோடுதான் டியூட்டி. வண்டி கிளம்புமுன் அவரிடம் பேசுகிறேன். கத்தரியை இப்போதே பெல்ட்டில் மாட்டிவிட்டேன், அக்கா.