பாணந்துறையில் குரங்கு பாய்ந்தால் விசுவமடுவில் மோட்டர் ஏன் நிற்கிறது?

விசுவமடுத் தோட்டக்காரன்:
2025 பெப்ரவரி 9, ஞாயிறு. மிளகாய்க்கு இறைத்துக்கொண்டிருந்தேன், பதினொன்று தாண்டியதும் மோட்டர் நின்றுவிட்டது. பாதி வரம்பு நனைந்திருந்தது, மீதி வெடித்துக் கிடந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்காம். இங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இவ்வளவு கணினி இருந்தும் அதை அங்கேயே மறிக்க முடியாதா?

வவுனியா மின்பொறியியல்:
அண்ணை, முழு இலங்கையும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி, எல்லா ஜெனரேட்டரும் 50 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 50 அலை, இதுதான் அதிர்வெண்) சேர்ந்தே ஓட வேண்டும். அன்று விடுமுறை, பாவனை குறைவு, நல்ல வெயில் என்பதால் சூரிய மின்சாரம் கூட. லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) திடீரென்று பாரம் ஏறினாலும் எஞ்சினை இழுத்துக்கொண்டு போவது அந்தப் பாரச் சக்கரம்தானே? சோலார் தகட்டில் அப்படிச் சுழலும் இரும்பு இல்லை. அதனால் ஒரு அடி விழுந்ததும் அதிர்வெண் விறுவிறென்று இறங்கி, ஒவ்வொரு நிலையமாகக் கழன்றுவிட்டது.

மறிக்க வழி இருக்கிறது. வழமையான கண்காணிப்பு சில செக்கன்களுக்கு ஒரு தடவைதான் அளவு எடுக்கும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பேஸர் அளவி (பி.எம்.யு.) செக்கனுக்கு 25, 50 தடவை அளந்து, ஒவ்வொரு அளவிலும் ஜி.பி.எஸ். நேரத்தைக் குத்தி அனுப்பும். மன்னாரில் எடுத்ததையும் கொழும்பில் எடுத்ததையும் ஒரே கணத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு இடத்து அலைகளுக்கும் இடையிலான கோணம் விரிந்துகொண்டே போனால் லைன் திணறுகிறது என்று அர்த்தம். முதல் பி.எம்.யு. 1988இல் அமெரிக்காவில் வேர்ஜீனியா டெக்கில் செய்தார்கள்.

பழைய லைன்மேன்:
தம்பி சொன்னது சரி, ஆனால் பார்த்தால் மட்டும் போதாது. மனிதன் போனை எடுத்து 'ஹலோ' சொல்வதற்குள் விழுந்துவிடும், ஆகவே லைனை வெட்டுவதை ரிலே என்ற தானியங்கிக் கருவிதான் செய்ய வேண்டும். அதிர்வெண் இறங்கினால் சில பீடர்களை (ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்கள்) தானாக வெட்டும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. கூரையில் சோலார் நிறைந்த பீடரை வெட்டினால் பாவனையோடு உற்பத்தியும் போய்விடும், பிரயோசனம் குறைவு. எந்த பீடரை வெட்டுவது என்பதை அந்த நேரத்து அளவை வைத்தே முடிவெடுக்க வேண்டும், அதற்குத்தான் இந்த அளவிகள் தேவை. தோட்டக்காரத் தம்பி, அப்படி உங்கள் பக்கத்தை மட்டும் அரை மணித்தியாலம் வெட்டினால் ஒத்துக்கொள்வீரா?

விசுவமடுத் தோட்டக்காரன்:
அரை மணித்தியாலம் என்றால் பொறுப்பேன் அண்ணை. அன்று பின்னேரம் வரை காத்திருந்து, கடைசியில் மண்ணெண்ணெய்ப் பம்ப் இரவல் வாங்கித்தான் மீதி வரம்புக்கு இறைத்தேன்.