நேரில் ஆடும்போது தொடர்ந்து தோற்கிறேன், வீட்டில் நன்றாகப் பழகிவிட்டுப் போகலாமா?

சுழல்விரல் (கேள்வி)

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்கிற சண்டை வீடியோ கேம் ஆட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. அதில் ரியூ என்கிற பாத்திரம் மட்டும்தான். நண்பர் ஒருவர் வீட்டில் வாரம் ஒருநாள் ஏழெட்டுப் பேர் கூடி ஆடுகிறார்கள், போட்டி எதுவும் கிடையாது, மாற்றி மாற்றி உட்கார்ந்து ஆடுவதுதான். நாலு வாரமாகப் போகிறேன், இதுவரை ஒரு மேட்ச் கூட ஜெயிக்கவில்லை. இரண்டு மூன்று ரவுண்டு எடுத்திருப்பேன்.

வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் ட்ரெயினிங் மோடில் காம்போ (ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் விழுகிற அடிகள்) பழகுகிறேன். பத்து முறை அடித்தால் எட்டு முறை சரியாக வருகிறது. ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் அந்தக் காம்போவைத் தொடங்கவே இடம் கிடைப்பதில்லை. கென் ஆடுகிற ஒருவர் குதித்துக் குதித்தே என்னை முடித்துவிடுகிறார். குதிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கை நகர்வதற்குள் உதை விழுந்துவிடுகிறது. இன்னொருவர் என்னைத் திரையின் ஓரத்துக்கு, கார்னருக்குத் தள்ளிவிட்டு டிரைவ் இம்பாக்ட் என்கிற பலமான அடியைப் போடுகிறார், ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொள்கிறேன்.

யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, எல்லோரும் நல்ல மாதிரிதான் பழகுகிறார்கள். ஆனால் நான் உட்கார்ந்தால் மேட்ச் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அவர்கள் தங்களுக்குள் ஆடும்போது இருக்கிற விறுவிறுப்பு என்னோடு ஆடும்போது இல்லை. அவர்கள் நேரத்தை வீணாக்குகிறேனோ என்று உறுத்துகிறது. இரண்டு மாதம் போகாமல் இருந்து, வீட்டிலேயே நன்றாகப் பழகிவிட்டுப் பிறகு போகலாமா? இல்லை, இப்படியே தோற்றுக்கொண்டிருந்தால் ஒருநாள் வந்துவிடுமா?

நடுத்திரை

போவதை நிறுத்தாதீர்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் இன்னும் அழகான காம்போவோடு போவீர்கள், அதே கென் அதே மாதிரி குதிப்பார், அதே உதை விழும்.

காம்போ என்பது ஒரு அடி பட்ட பிறகு நடக்கிற விஷயம். உங்களுக்கு அந்த முதல் அடியே படவில்லை. ட்ரெயினிங் மோடில் நிற்கிற பொம்மை குதிப்பதில்லை, உங்களைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. அந்த முதல் அடி எங்கே, எப்போது விழும் என்பதை ஒரு மனிதனோடு ஆடித்தான் கற்றுக்கொள்ள முடியும்.

முதலில் குதிப்பு. உங்கள் கை மெதுவாக இருப்பதாக நினைக்கிறீர்கள், அநேகமாக அது காரணமில்லை. ஒரு குதிப்பு தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொட அரை வினாடிக்கு மேல் ஆகும். அது போதுமான நேரம். பிரச்சினை என்னவென்றால், டிரைவ் இம்பாக்ட் வருமா, ஹடோக்கன் (தூரத்திலிருந்து எறிகிற தீப்பந்து மாதிரியான அடி) வருமா, ஓடிவந்து த்ரோ (பிடித்து எறிவது) போடுவாரா, என் காம்போவை எப்போது தொடங்குவது என்று நாலைந்து விஷயத்தை ஒரே நேரத்தில் எதிர்பார்க்கிறீர்கள். எதிர்பார்ப்பது கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிற வேகம் குறையும். எத்தனை வருடம் ஆடியவருக்கும் இதுதான் நிலைமை. அவர்களுக்குப் பாதி விஷயம் பழகி யோசிக்காமலே நடந்துவிடுகிறது, அதனால் மீதியைக் கவனிக்க மனசில் இடம் இருக்கிறது.

அதனால் அடுத்த வாரம் போகும்போது ஒரே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: குதித்தால் கீழே குனிந்து ஹெவி பஞ்ச். ரியூவுக்கு அது நல்ல ஆன்டி-ஏர், அதாவது குதித்து வருகிறவரை மேலேயே அடிக்கிற அடி, ஷோர்யூக்கன் என்கிற எழும்பிக் குத்தும் அடிக்கான சிக்கலான உள்ளீடு கூட வேண்டாம். மற்றது எல்லாம் படட்டும், டிரைவ் இம்பாக்ட் பட்டால் படட்டும், தோற்றால் தோற்கட்டும். கண் உங்கள் ரியூ மேல் இருக்கக் கூடாது, கென் மேல் இருக்க வேண்டும். புதிதாக ஆடுகிற எல்லோரும் தன் ஆளைத்தான் பார்க்கிறார்கள், அவன் என்ன செய்கிறான் என்று நமக்குத்தான் தெரியுமே, பார்க்கத் தேவையில்லை.

இன்னொன்று, அவர் எப்போது குதிக்கிறார் என்று கவனித்தீர்களா? நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு ஹடோக்கன் போடுகிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். குதித்தால் உங்கள் தலையில் வந்து இறங்கக்கூடிய தூரத்தில் நின்று போட்டால், அவர் சரியாகக் கணித்து எழும்பிவிட்டால் தப்பிக்க வழியே கிடையாது, ஏனென்றால் உங்கள் கை இன்னும் ஹடோக்கன் போட்டு முடிக்கவில்லை. இரண்டடி பின்னால் நின்று போட்டுப் பாருங்கள். அதே குதிப்பு உங்களுக்கு முன்னால் காலியான இடத்தில் வந்து இறங்கும். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்த நாளிலிருந்து ரியூவின் ஆட்டமே இதுதான், தூரத்தில் நின்று ஹடோக்கன் போட்டுக் குதிக்க வைப்பது, குதித்தவரை மேலேயே அடிப்பது.

எல்லாவற்றையும் விட முக்கியம், மேட்ச் முடிந்ததும் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு எழுந்து போகாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த ஆளிடமே கேளுங்கள்: "நீங்கள் எதைப் பார்த்துக் குதிச்சீங்க?" ஆன்லைனில் இதைக் கேட்க முடியாது, ஆள் போய்விடுவார். நேரில் பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் பிடிக்கும், நிறுத்தச் சொன்னால் தவிர பேச்சை நிறுத்த மாட்டார்கள்.

ஃபிரேம்கணக்கு

நடுத்திரை சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ட்ரெயினிங் மோட் உதவாது என்கிற அர்த்தம் வந்துவிடக் கூடாது. நீங்கள் அதில் தவறான விஷயத்தைப் பழகுகிறீர்கள், அவ்வளவுதான்.

டிரைவ் இம்பாக்ட் அடி விழ 26 ஃபிரேம் (திரையில் வருகிற ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஆகும். ஆட்டம் வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது, அப்படியென்றால் அரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. பார்த்துப் பதில் சொல்ல முடிகிற நேரம்தான். பதில், நீங்களும் டிரைவ் இம்பாக்ட் போடுவது. இரண்டாவதாகப் போட்டவர் ஜெயிப்பார், முதலில் போட்டவர் மடங்கி விழுவார். கார்னரில் இருக்கும்போது பிளாக் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பிளாக் செய்தாலும் சுவரில் மோதி நிலைகுலைந்து அடி வாங்குவீர்கள். பதறிப் போய் ஏதாவது ஒரு பட்டனை அழுத்துவதும் வேலைக்கு ஆகாது, இரண்டு அடி வரை அது தாங்கிக்கொண்டு வந்துவிடும்.

இதைப் பழக ட்ரெயினிங் மோடில் பொம்மைக்கு மூன்று விஷயம் ரெக்கார்ட் செய்யுங்கள்: ஒன்றில் டிரைவ் இம்பாக்ட், ஒன்றில் முன்னோக்கிக் குதித்து உதை, ஒன்றில் சும்மா முன்னும் பின்னும் நடை. மூன்றையும் மாறி மாறி வருகிற மாதிரி வைத்துவிட்டு, உங்களைக் கார்னரில் நிறுத்திக்கொண்டு பத்து நிமிடம் ஆடுங்கள். அந்த மூன்றாவது ரொம்ப முக்கியம். அது இல்லையென்றால் ஏதாவது வரும் என்று தெரிந்து தயாராக நிற்பீர்கள், நிஜ ஆட்டத்தில் பாதி நேரம் எதுவும் வராது, அந்த எதுவும் வராத நேரத்தில்தான் கவனம் நழுவும். டிரைவ் இம்பாக்டுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, எனக்குக் கண்ணை விட அதுதான் முதலில் எட்டுகிறது. டிவி சத்தத்தைக் குறைத்து வைத்து ஆடுகிற இடமாக இருந்தால் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள்.

தினம் ஒரு மணி நேரம் காம்போ வேண்டாம். இது பத்து நிமிடம், ஒரு சின்னக் காம்போ பத்து நிமிடம், மீதி நேரம் ஆளோடு ஆடுங்கள்.

இரும்புமுட்டி

நான் டெக்கன் 8 என்கிற வேறொரு சண்டை விளையாட்டு ஆடுகிற ஆள், இருந்தாலும் கேள்வி ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு நேரில் ஆடுவது என்ன கற்றுக்கொடுத்தது என்று ஒரு உதாரணம். டெக்கனில் த்ரோ வரும்போது எதிராளியின் கையைப் பார்க்க வேண்டும், இரண்டு கையும் சேர்ந்து நீண்டால் இரண்டு பஞ்ச் பட்டனையும் சேர்த்து அழுத்தித் தப்பிக்க வேண்டும், ஒரு கை மட்டும் முன்னால் வந்தால் அந்தக் கைக்கு உரிய பட்டன். இது எனக்குப் படித்துத் தெரியும். மாதக்கணக்கில் தெரியும். ஆனால் ஒரு முறை கூட வந்ததில்லை. கிங் என்கிற பாத்திரத்தை ஆடுகிற ஒரு அக்கா, எங்கள் குழுவில் அவர்தான் நன்றாக ஆடுவார், நான் கேட்டதும் மேட்சை நிறுத்திவிட்டு, "இப்போ நான் த்ரோ மட்டும்தான் போடப் போறேன், நீ கையை மட்டும் பார்" என்று சொல்லி ஒரு இருபது நிமிடம் அதையே போட்டார். முதலில் எதுவுமே தெரியவில்லை, மங்கலாக ஏதோ ஒன்று மேலே வந்து விழுகிற மாதிரி. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து திடீரென்று அந்த வலது கை மட்டும் தனியாக நீள்வது தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது இன்று வரை போகவில்லை. பயிற்சிப் பொம்மையிடமும் அதைச் செய்யலாம்தான், ஆனால் நான் செய்திருக்க மாட்டேன், ஐந்து நிமிடத்தில் அலுத்துப்போய் காம்போவுக்குப் போயிருப்பேன். பக்கத்தில் ஒருவர் நமக்காக நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போக மனசு வராது.

அர்ஸ்லான் ஆஷ் 2019இல் ஈவோ ஜப்பான், ஈவோ என்கிற இரண்டு பெரிய சண்டை விளையாட்டுப் போட்டிகளிலும் டெக்கன் 7இல் முதலிடம் பிடித்தபோது எல்லோரும் அசந்து போனார்கள். அதுவரை உலகப் போட்டிகளில் பெரிதாகப் பேசப்படாத பாகிஸ்தானிலிருந்து, லாகூரில் நேருக்கு நேர் ஆடி வளர்ந்த ஆள். தன் நாட்டில் தன் அளவுக்கு ஆடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அதன் பிறகு "நீ" (Knee) என்ற பெயரில் ஆடுகிற கொரியாவின் மூத்த வீரர், அவர்களோடு ஆடிப் பார்க்கப் பாகிஸ்தானுக்கே கிளம்பிப் போனார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே ஆட ஆள் தேடி நாடு விட்டு நாடு போகிறார், உங்களுக்கு நண்பர் வீட்டிலேயே ஏழு பேர் இருக்கிறார்கள்.

சுழல்விரல்

எல்லோருக்கும் நன்றி. பக்கத்தில் நின்று ஹடோக்கன் போடுகிறேன் என்பது உண்மைதான், ரீப்ளே பார்த்தேன், அநேகமாக எல்லாமே அந்தத் தூரத்தில்தான். ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை. மேட்சை நிறுத்திக் கேள்வி கேட்டால் காத்திருக்கிறவர்களுக்குத் தொந்தரவு இல்லையா?

கதவுதிறந்திருக்கும்

நான் என் வீட்டில் இப்படிக் கூட்டம் நடத்துகிறவன், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்களால் யாருடைய நேரமும் வீணாகவில்லை. எங்களுக்கு உண்மையான பயம், புதிதாக வந்தவர் நாலு வாரம் அமைதியாகத் தோற்றுவிட்டு ஐந்தாவது வாரம் சொல்லாமல் நின்றுவிடுவது. ஒரு குழு அப்படித்தான் சுருங்கும். முதலில் புதியவர்கள் நிற்பார்கள், அப்புறம் அதே நாலு பேர் ஒருவரை ஒருவர் மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு ஆடுவார்கள், பிறகு அவர்களுக்கும் அலுத்துவிடும். எனக்குத் தெரிந்து இரண்டு குழு அப்படிப் போயிருக்கிறது.

கேட்கிற முறை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழ வேண்டும் என்கிற முறையில் ஆடினால் புதியவருக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று மேட்ச் கூடக் கிடைக்காது. அதை மாற்றி, யாராக இருந்தாலும் மூன்று மேட்ச் ஆடிவிட்டு இருவரும் எழுவது என்று வைக்கலாமா என்று அந்த நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். நான் மாற்றியதிலிருந்து ஆட்கள் நிற்கிறார்கள். இன்னொரு டிவியோ மானிட்டரோ இருந்தால் அதைப் பேசிப் பேசி ஆடுவதற்கு என்று ஒதுக்கிவிடலாம், அங்கே எத்தனை முறை நிறுத்தினாலும் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

டிவியில் கேம் மோட் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் படம் தாமதமாக வரும், நீங்கள் வீட்டில் மானிட்டரில் பழகிய ஆன்டி-ஏர் அங்கே கொஞ்சம் பிந்தித்தான் விழும். கை நகர்வதற்குள் உதை விழுகிறது என்று எழுதியிருந்தீர்களே, பாதிக் காரணம் அதுவாகக் கூட இருக்கலாம். அப்புறம் சொந்த கன்ட்ரோலர் கொண்டு போங்கள், முடிந்தால் வயரோடு. வயர்லெஸ் என்றால் உங்கள் முறை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பையில் கிடந்த கன்ட்ரோலரில் ஒரு பட்டன் அழுந்தி, கடைசி ரவுண்டின் நடுவில் ஆட்டம் நின்றுபோய் இரண்டு பேர் மனஸ்தாபப்பட்டதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

சுழல்விரல்

நேற்றுப் போய்விட்டு வந்தேன். டிவியில் கேம் மோட் போடவில்லை, கேட்டதும் மாற்றிவிட்டார்கள், வருடக்கணக்கில் வருகிறவர்களே வித்தியாசம் தெரிகிறது என்றார்கள்.

ஒன்பது மேட்ச் ஆடினேன், ஒன்பதும் தோல்வி. ஆனால் கென்னை ஆறு முறை மேலேயே அடித்தேன், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆறாவது விழுந்ததும் அவர் குதிப்பதையே நிறுத்திவிட்டார், தரையில் நடந்து வர ஆரம்பித்தார், அது எனக்குப் புது ஆட்டம் மாதிரி இருந்தது. மேட்ச் முடிந்து எதைப் பார்த்துக் குதித்தீர்கள் என்று கேட்டேன். நீங்கள் ஹடோக்கன் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் நடக்கிறீர்கள், அதைப் பார்த்துத்தான் என்றார். எனக்கு அது சுத்தமாகத் தெரியாது.

இப்போது அவர் குதிக்காமல் நடந்து வந்து த்ரோ போடுகிறார். அதற்கு என்ன செய்வது?

நடுத்திரை

பின்னால் நடந்துவிட்டு ஹடோக்கன் போடாமல் சும்மா நின்று பாருங்கள். அவர் இன்னும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

த்ரோவுக்கு வரும் வாரம் அவரிடமே கேளுங்கள், த்ரோ மட்டும் போடச் சொல்லி இருபது நிமிடம்.