கேம் குழுவில் கழிந்த வருடங்கள் எதையாவது கற்றுக் கொடுத்ததா?

நொய்யல்கரை (திருப்பூர்)

ஆன்லைன் கேமில் வருடக்கணக்காகக் கிடந்தவனுக்கு உலகம் தெரியாது என்று நம் பக்கம் பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சாயப்பட்டறை, பிரிண்டிங், செக்கிங், பேக்கிங் என்று எனக்குக் கீழே இல்லாத ஆட்களிடம் வேலை வாங்குவதுதான் என் பிழைப்பு. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தது காலேஜ் இல்லை, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த மொபைல் கேமில் சேர்ந்து ஆடும் குழுவுக்குக் கிளான் என்று பெயர். ஒரு கிளானில் 50 பேர் வரை சேரலாம். 2014-ல் ஒரு கிளானும் இன்னொரு கிளானும் மோதும் கிளான் வார் வந்தது. ஒரு நாள் தயாரிப்பு, மறுநாள் சண்டை, ஆளுக்கு இரண்டே அட்டாக். எதிரி கிளானில் ஒருவர் கட்டி வைத்திருக்கிற ஊரில் பாதியை அழித்தால் ஒரு ஸ்டார், அதன் முக்கியக் கட்டடமான டவுன்ஹாலை உடைத்தால் ஒன்று, ஊர் முழுவதும் போனால் மூன்று.

எங்கள் கிளானில் பல்லடம், காங்கயம், தாராபுரம் பசங்க இருந்தார்கள். ஓவர்லாக் டெய்லர், லாரி டிரைவர், காலேஜ் மாணவன், நூல் கடை முதலாளியின் மகன், எல்லோரும் ஒன்றாக. நான் கோ-லீடர். யாருக்கும் சம்பளம் கிடையாது, கோபம் வந்தால் ஒரு பட்டனைத் தட்டி வெளியே போய்விடலாம். அப்படிப்பட்ட ஆளிடம் "உங்க ரெண்டாவது அட்டாக்கை ஏழாம் நம்பர் ஊர் மேல போடுங்க, மேல இருக்கறதை வேற ஆள் பாத்துக்குவாரு" என்று சொல்லி, அவரும் செய்ய வேண்டும். அதட்டினால் போய்விடுவார், கெஞ்சினால் மதிக்க மாட்டார். காரணத்தைச் சொன்னால் செய்வார்.

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவன் அட்டாக்கைச் சொதப்பினால், அவனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவதற்கு முன் ரீப்ளே பார்த்தாக வேண்டும். தாராபுரத்துப் பையன் ஒருவன் ஒரு ஸ்டார்கூட இல்லாமல் வந்து நின்றான். ஆட்டமே தெரியாதவன் என்று நாலு பேர் ஆரம்பித்தார்கள். ரீப்ளேயில் பார்த்தால், முன்னால் நின்று அடி வாங்கும் கோலெம் சரியான இடத்தில்தான் இறங்கியிருக்கிறது. சுவரை உடைக்கிற வால் பிரேக்கர்களை மட்டும் ஒரு நொடி முன்னால் விட்டிருக்கிறான். சுவரைத் தொடுவதற்குள் எதிரியின் மார்ட்டர் பீரங்கிக் குண்டு விழுந்து அத்தனையும் செத்துப் போக, பின்னால் வந்த படை உள்ளே நுழைய வழியில்லாமல் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. தப்பு அந்த ஒரு நொடியில்தான். திட்ட வந்தவர்கள் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இன்றைக்கு ஆர்டருக்கு மொத்தமாகச் சாயம் போட்ட துணியில் ஷேடு மாறி வந்தால், முதலில் ஒப்புக்கொண்ட சாய மாதிரியான லேப் டிப்பையும் அந்த லாட்டின் கார்டையும் மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாயப்பட்டறைக்கு போன் போடுகிறேன். முதலில் கத்திவிட்டுப் பிறகு காரணம் தேடுகிற பழக்கம் எனக்கு வராமல் போனதற்கு அந்தக் கிளான்தான் காரணம்.

கோபி வாத்தியார் (கோபிசெட்டிபாளையம்)

தம்பி, நீங்கள் தேறி வந்தவர், அதனால் எழுதுகிறீர்கள். தேறாதவன் இங்கே வந்து எழுத மாட்டான்.

நான் பிளஸ் டூ வகுப்பு எடுக்கிறேன். முதல் பீரியடிலேயே கண் சொருகி உட்கார்ந்திருப்பவனைக் கேட்டால், "வார் முடியறப்ப ரெண்டு மணி ஆயிருச்சுங்க சார்" என்கிறான். அவனுக்கு நீங்கள் சொல்கிற பாடம் ஒன்றும் கிடைக்கவில்லை. தூக்கம்தான் போனது.

அப்புறம், பொறுமை, பங்கீடு, பேசிச் சமாளிப்பது எல்லாம் கற்க நமக்கு கேம் எதற்கு? கீழ்பவானி வாய்க்காலின் ஆயக்கட்டு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். ஒரு போகத்துக்கு அதில் பாதிக்குத்தான் தண்ணீர். ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படைக்கு அடுத்த போகம் என்று மாறி மாறி வரும். தன் முறை வரும்வரை காய்ந்த காட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான் விவசாயி. கடைமடைக்காரன் நடுராத்திரி டார்ச் லைட்டோடு மேல்மடைக்காரனிடம் போய், சண்டை இல்லாமல் பேசி வாங்கி வருகிறான். அவனுக்கு எந்த அதிகாரம் இருக்கிறது? நீங்கள் பெருமையாகச் சொல்கிற அதே வித்தைதானே இது?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த கேமில் ஒரு கட்டடத்தை மேம்படுத்த நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், காத்திருக்க முடியாவிட்டால் காசு கொடுத்து ஜெம் வாங்க வேண்டும். கம்பெனி தானாகக் கூப்பிட்டால் ஒருநாள் சலித்து விட்டுவிடுவோம். நண்பன் "வார் இருக்குடா, வா" என்றால் எப்படி விடுவது? நீங்கள் குழு, நட்பு என்று சொல்வதே அந்தத் தூண்டிலின் முள்தான்.

நொய்யல்கரை

சார், தூண்டில் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. கம்பெனி லாபத்துக்குத்தான் கேம் செய்கிறது.

வாய்க்கால் விஷயத்தில் உடன்படவில்லை. மடையில் நிற்பவருக்கு ஆயக்கட்டில் நிலம் இருக்கிறது, பக்கத்துக் காட்டுக்காரர் பங்காளியோ மாமன் மச்சானோ. நாளைக்கு விசேஷத்தில் முகம் பார்க்க வேண்டுமே என்ற கட்டாயம் இருவருக்கும் உண்டு. எங்கள் டெய்லர் ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். நம் பக்கம் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி "எந்த ஊருங்க?", இரண்டாவது "நீங்க என்ன கூட்டமுங்க?", அதாவது என்ன குலம். இரண்டாவது கேள்வியோடு அவருக்குப் பாதிக் கதவு சாத்திவிடும். கிளானில் யாரும் அவரை அதைக் கேட்கவில்லை. வார் பிளான் போட அவரை விட்டால் ஆள் இல்லை. நூல் கடைக்காரர் மகன் அட்டாக்குக்குப் படை சேர்ப்பதற்கு முன், "அண்ணா, இதுக்கு என்ன கொண்டு போகட்டுங்க?" என்று அவரிடம்தான் கேட்பான். வெளியில் இந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதற்கு ஒரு வழி சொல்லுங்கள் பார்ப்போம்.

ஸ்னைப்பர் அம்மிணி (பொள்ளாச்சி)

அண்ணா, உங்கள் கிளானில் கேட்கவில்லை, சந்தோஷம். எல்லா இடத்திலும் அப்படி என்று எழுதிவிடாதீர்கள். கிளான் பெயரிலேயே சாதியைப் போட்டு வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிபியில் யார் படம் இருக்கிறது என்று பார்த்தே ஆள் சேர்ப்பார்கள்.

நான் 2018-ல் பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கி கேம் வந்த புதிதில் ஆரம்பித்தேன். மைக்கை ஆன் செய்து "மாடியில ஆள் இருக்கு" என்று சொன்னால் போதும், "டேய், பொண்ணுடா!" என்பார்கள். அடுத்து நம்பர் கேட்பார்கள். தரவில்லை என்றால் வீட்டில் யாரும் காதில் கேட்கக் கூடாத வார்த்தைகள் வரும். ஆண் பெயரில் ஐடி மாற்றி, மைக்கை அணைத்துவிட்டு, தட்டினால் தயார் வாக்கியம் போகிற குவிக் சாட்டை மட்டும் வைத்து ரொம்ப நாள் விளையாடினேன். என் ஆட்டம் அப்போதும் அதே ஆட்டம்தான். ஆனால் கிடைத்த மரியாதை வேறு.

பிறகு உடுமலை, கோவை, ஈரோடு பெண்களாக நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்குவாட் ஆனோம். எங்களுக்குள் ஒரே விதி. ஒருத்தியை யாராவது அசிங்கமாகப் பேசினால், நாலு பேரும் ரிப்போர்ட் அடித்துவிட்டு மேட்ச்சை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ரேங்க் போனால் போகட்டும். என்ன சொன்னான், நீ முதலில் என்ன சொன்னாய் என்று அவளிடம் விசாரணை நடத்தக் கூடாது.

2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜியைத் தடை செய்தார்கள். நாங்கள் நாலு பேரும் பிரியவில்லை. எங்களில் ஒருத்தி ஐடி கம்பெனியில் ஒரு ஆளைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டி வந்தது. வீட்டில் சொன்னால் வேலையை விட்டுவிடு என்பார்கள். எங்களிடம்தான் சொன்னாள். மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தோம். உள் புகார்க் குழுவிடம் எப்படி எழுதுவது என்று நாலு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அவள் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள்.

கோபி வாத்தியார்

அம்மிணி, நீங்கள் சொல்வதே என் பக்கத்துக்குச் சாட்சி. பெயரை மறை, வாயை மூடு என்று ஒரு பெண் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற இடத்தைப் பள்ளிக்கூடம் என்று சொல்ல என்னால் முடியாது.

ஸ்னைப்பர் அம்மிணி

டவுன் பஸ்ஸிலும் எங்களுக்கு அதேதான் நடக்கிறது சார். அதற்காகப் பெண்கள் பஸ் ஏற வேண்டாம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். பேசுகிறவனை இறக்கி விடச் சொல்வீர்கள். இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன். மறைத்து விளையாடியதைப் பாடம் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து வெளியே நடந்ததைச் சொல்கிறேன்.

சென்னிமலை தறி

எல்லோரும் நல்ல குழு, கெட்ட குழு என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுக் கதை வேறு. என் அண்ணன் ஆன்லைன் ரம்மியில் இரண்டு தறியை விற்றான். பெட்ஷீட் ஓட்டிச் சேர்த்த காசு. அவனும் ஆரம்பத்தில் உங்களைப் போலத்தான், துப்பாக்கி கேம், ஸ்குவாட், நண்பர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நொய்யல்கரை

அண்ணனுக்கு நடந்தது பெரிய கொடுமைங்க. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 2023-ல் தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதாட்டத்தோடு ரம்மியையும் போக்கரையும் தடை செய்து சட்டம் கொண்டு வந்தது. அதே வருடம் நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை, திறமை ஆட்டம் என்று சொல்லி அந்த இரண்டின் மேல் இருந்த தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டு வந்த சட்டம் அந்த வாதத்தையே ஓரம் கட்டிவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எடுக்கிற ஆட்டம் என்றால் தடை. போட்டியாக ஆடும் இ-ஸ்போர்ட்ஸை அதே சட்டம் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது.

சென்னிமலை தறி

சட்டம் பிரிக்கலாம். என் அண்ணன் முதலில் காசு போட்டது ரம்மியில் இல்லை. துப்பாக்கி கேமில் காசு கொடுத்து யூசி என்ற கேம் நாணயம் வாங்கி, கிரேட் என்கிற பரிசுப் பெட்டி திறந்ததில்தான். உள்ளே என்ன டிரெஸ் வரும், துப்பாக்கிக்கு என்ன ஸ்கின், அதாவது அலங்காரத் தோற்றம், வரும் என்று தெரியாது. வரவில்லை என்றால் இன்னொன்று திறக்கிறான். எது வரும் என்று தெரியாமல் காசு போட்டு, போனது வரும் வரும் என்று உட்கார அங்கேதான் பழகினான். குழுவில் அத்தனை பேர் இருந்தார்களே, "வேண்டாம்டா" என்று ஒருத்தன் சொல்லவில்லை. புது ஸ்கின் வந்தால் கை தட்டினார்கள்.

நொய்யல்கரை

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கிரேட் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

திண்ணை (பெருந்துறை)

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தசைச்சிதைவு நோய். பத்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கவே ஒருவர் தூக்க வேண்டும்.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒருவர் இருந்தார். டுஷேன் தசைச்சிதைவு. 2014-ல் 25 வயதில் இறந்தார். பிள்ளை யாரோடும் பழகாமல், கேமிலேயே தனியாக வாழ்ந்து போய்விட்டான் என்றுதான் பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். அவர் இறந்த செய்தியை அவருடைய வலைப்பூவில் போட்டதும், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் அவரோடு விளையாடியவர்களிடமிருந்து கடிதம் கடிதமாக வந்தது. சிலர் வேறு நாட்டிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். மனம் உடைந்திருந்தவர்களோடு அவர் எவ்வளவு பேசியிருக்கிறார், யார் யாருக்குக் கைகொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

வாத்தியார் சார், வாய்க்கால் மேட்டுக்கு நான் வர முடியாது. மடைப்பேச்சு எனக்குக் காதில் கேட்டதோடு சரி. இன்னொரு மனிதனுக்கு நான் பிரயோஜனமாக இருக்கக் கிடைத்த இடம் கேமில் என் குழுவான கில்டு மட்டும்தான். என் கில்டில் நான் ஹீலர், சண்டையில் அடிபட்டவர்களைக் குணப்படுத்துகிறவன். பத்துப் பேர் உயிர் என் விரலில் இருக்கும். உங்கள் வகுப்பில் தூங்கும் பையனுக்காக நீங்கள் பேசுவது நியாயம். "கேம் வீண்" என்று பொதுவாகச் சொல்லும்போது அதில் நானும் இருக்கிறேன்.

கோபி வாத்தியார்

கண்ணு, நீ சொன்னதை இரண்டு முறை படித்தேன். வீண் என்ற வார்த்தையை உனக்குச் சொல்ல மாட்டேன், உன்னைப் போல இருப்பவர்களுக்கும் சொல்ல மாட்டேன்.

என் நிலையைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறைச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. மணிக்கணக்கை வைத்து அதைச் சொல்வதில்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே அது போய் உட்காருவது, கெடுதல் வந்த பிறகும் விட முடியாமல் தொடர்வது, இது வழக்கமாக 12 மாதமாவது நீடித்திருப்பது. இவற்றைத்தான் பார்க்கிறார்கள். விளையாடுகிற எல்லோரும் நோயாளி என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் 16 வயதில் அந்தக் கட்டுப்பாடு எத்தனை பேருக்கு இருக்கிறது? நொய்யல் தம்பி கிளானில் சேரும்போது வளர்ந்த ஆள், கையில் வேலை இருந்தது. என் மாணவனுக்கு மார்ச்சில் பரீட்சை இருக்கிறது. பிளஸ் டூ முடிகிறவரை வேண்டாம் என்றுதான் என் வகுப்பில் சொல்வேன்.

நொய்யல்கரை

சார், அந்த கேமில் வாருக்கு வருகிறேன், வரவில்லை என்று காட்ட ஒரு பட்டன் உண்டு. பச்சை என்றால் வருவான், சிவப்பு என்றால் வர மாட்டான். பரீட்சை அட்டவணை வந்த அன்றைக்கே பத்தாவது, பிளஸ் டூ பசங்க எல்லோரும் சிவப்பு போட வேண்டும் என்று எங்கள் கிளானில் வைத்திருந்தோம். போடாதவனை லீடர் வாரில் சேர்க்க மாட்டார். காங்கயத்துப் பையன் ஒருவனின் அம்மா டெய்லர் அண்ணன் நம்பருக்கே போன் போட்டு, "நீங்க சொன்னாத்தான் கேக்கறானுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் உங்கள் வகுப்பில் பலர் விளையாடத்தான் போகிறார்கள். வீட்டுக்குத் தெரிந்து விளையாடினவனை எங்களால் நிறுத்த முடிந்தது. போர்வைக்குள் ஒளித்து விளையாடுகிறவன் என்ன வகுப்பு, பரீட்சை எப்போது என்று எங்களுக்கே சொல்ல மாட்டான்.