பூசணிப் பிஞ்சுகள் வெம்பி உதிர்வது ஏன்?

அட்டன்வாசி:
வணக்கம். இலங்கை மலையகத்தின் அட்டனில், எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்புறம் உள்ள துண்டு நிலத்தில் பூசணி போட்டிருக்கிறேன். கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பூவின் அடியில் காணும் பிஞ்சுகள், பூ வாடிய சில நாட்களில் நுனியிலிருந்து மஞ்சளித்துச் சுருங்கி உதிர்ந்துவிடுகின்றன. மாட்டெரு போதவில்லையா? அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தலவாக்கலைத் தோட்டம்:
தம்பி, எருவைக் கூட்ட வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் கொடிதான் கொழுக்கும். நீங்கள் சொல்லும் அடையாளம், மகரந்தம் சேராததையே காட்டுகிறது. பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண், அடியில் பிஞ்சோடு வருவது பெண். பெண் பூ விடியற்காலையில் விரிந்து, நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும் நம் பக்கத்திலோ, காலையில் மூடுபனியும் தூறலுமாக இருப்பதால் தேனீக்கள் கூட்டைவிட்டு வெளிவருவதே அரிது.

ஆகவே அந்த வேலையை நாமே செய்வதுதான் நல்லது. மறுநாள் விரியவிருக்கும் மொட்டு, முந்தைய மாலையிலேயே நுனி மஞ்சளித்து நிற்கும். மகரந்தம் நனைந்தால் பயன்படாது என்பதால், ஆண், பெண் இரண்டிலும் அத்தகைய மொட்டுகளின் வாயை நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். காலையில் ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை நீக்கி, நடுத்தண்டில் உள்ள மஞ்சள் தூள், பெண் பூவின் நடுவிலுள்ள மடல்கள் எல்லாவற்றிலும் படியும்படி மெதுவாகத் தடவுங்கள். பிறகு பெண் பூவை மீண்டும் கட்டிவிட்டால் மழைநீர் இறங்காது.

பண்டாரவளைப் பெண்:
அண்ணா சொன்னது முற்றிலும் சரி. அதோடு மண்ணையும் பாருங்கள். தேயிலைக்கு உகந்த மண்ணின் அமில அளவு (pH; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 முதல் 5.5 வரை; பூசணிக்கோ 6க்கு மேல் வேண்டும். தேயிலை நின்ற நிலமாக இருந்தால், அடுத்த முறை விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே, அமிலத்தைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைக் கலந்துவிடுங்கள். உங்கள் மேற்கு மலைச்சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் கிடைப்பதால், பூக்கும் காலம் அதில் விழுமாறு விதைப்பதே நல்லது. பிஞ்சில் ஊசித்துளை போலத் தெரிந்து பிசின் கசிந்தால் அது பழ ஈயின் வேலை. காய் பிடித்ததும் காகிதத்தால் சுற்றிக் காப்பாற்றலாம்.

அட்டன்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டில் பூக்களைச் சுண்டலுக்குப் பறிக்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்ல வேண்டுமா?

தலவாக்கலைத் தோட்டம்:
வேண்டியதில்லை. முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்களே, அவற்றைத் தாராளமாகப் பறிக்கலாம். பெண் பூ வரத் தொடங்கிய பின், நாள்தோறும் சில ஆண் பூக்களை மட்டும் கொடியிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.