4 4 3 2 4 3 2: இந்தச் சுரக் கணக்கில் உதவி வேண்டும்

வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் வீணை கற்கும் என் மகளோடு சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் வரும் அலகுக் (சுர இடைவெளியை அளக்கும் நுண் அளவு) கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஏழு சுரங்களுக்கும்: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. மொத்தம் 22. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கான படியின் அளவு 4, 3, 2 என மூன்றே வகை.

அடுத்தடுத்த இரண்டு படிகளைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினால் 8, 7, 6, 5 என நான்கு விடைகள். இரண்டாவது 4-ஐயும் அதற்கடுத்த 3-ஐயும் இடம் மாற்றினோம்: 4 3 4 2 4 3 2. இப்போது 7, 6, 5 மட்டும்! மும்மூன்றாகக் கூட்டினாலும் 11, 10, 9 என்று மூன்றே. எத்தனை அழகு! 9/8, 10/9, 16/15 என்ற அதிர்வெண் விகிதப் படிகளைக் கொண்ட மேற்கத்திய மேஜர் ஸ்கேலும், அவற்றை முறையே 4, 3, 2 என வைத்துச் சுழற்றிப் பார்த்தால் இதே வரிசைதான்.

இதில் 4 மூன்று முறை, 3-ம் 2-ம் இரண்டிரண்டு முறை வருகின்றன. எத்தனை படி கூட்டினாலும் மூன்று விடைக்கு மேல் வராமலிருக்க, ஏதாவது இரண்டு அளவுகள் சம எண்ணிக்கையில் இருந்தே ஆக வேண்டுமா? விதிவிலக்கு உண்டா? படிவம் 6 மாணவிக்குப் புரியும்படி நிரூபணம் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். கோலாலம்பூரில் இருப்பவரென்றால் நேரிலேயே வந்து கேட்டுக்கொள்கிறோம்.