ரோட்டோவுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

தருமபுரியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். காணொளித் தொகுப்புப் பயிற்சிக்கான செய்முறை ஏடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரோட்டோஸ்கோப்பிங் (சுருக்கமாக ரோட்டோ) என்பதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. பழைய படியில் 'சுழல்நோக்கி வரைவு' என்றிருந்தது. அதைப் படித்தால் நீர்மூழ்கிக் கப்பல் நினைவுக்கு வருகிறதே தவிர, வேலை விளங்கவில்லை.

வேலை இது: ஓடும் படத்தில் ஓர் ஆளைப் பின்னணியிலிருந்து தனியே எடுக்க, ஃபிரேம் ஃபிரேமாக அவரைச் சுற்றிக் கோடு போடுவது. பச்சைத்திரை முன் எடுத்த காட்சி என்றால் நிறத்தைக் காட்டி மென்பொருளையே பிரிக்கச் சொல்லலாம். ஒகேனக்கல் பாறைமேல் நின்று எடுத்த காட்சிக்கு அது நடக்காது. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 5 நொடிக்கு 120 ஃபிரேம், அத்தனையும் கைவேலை. பெயராகவும் வினையாகவும் செய்பவர் பெயராகவும் திரியக்கூடிய சொல்லாகச் சொல்லுங்கள்.

அரூரிலிருந்து

'சுழல்' காரணமில்லாமல் வரவில்லை. லத்தீனில் ரோட்டா என்றால் சக்கரம், ஸ்கோப் என்பது பார்ப்பதைக் குறிக்கும் கிரேக்க வேர். மாக்ஸ் ஃபிளைஷர் 1915இல் விண்ணப்பித்து 1917இல் காப்புரிமை பெற்ற கருவியின் பெயர் அது. நடிகரைப் படம்பிடித்து, அந்த ஃபிலிமை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திக் கண்ணாடிப் பலகையில் விழச்செய்து, மேலே தாள் வைத்து ஒற்றி வரைவார்கள். கார்ட்டூன் உருவம் மனிதரைப்போல் அசைய அது ஒரு வழியாக இருந்தது.

ரோட்டா அயற்சொல்தான், ஆனால் ஓசையில் நம் சொற்களுக்கு அருகில் வருவதால் தள்ள எனக்கு மனமில்லை. ரகரம் தமிழில் மொழிமுதல் வராது. உகரம் சேர்த்துப் பாருங்கள். உருட்டு, உருளை, குறளின் 'உருள்பெருந்தேர்' எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். என் பரிந்துரை 'உருளொற்று'.

ஓசூரிலிருந்து

ஐயா, உருளும் ஃபிலிமும் இல்லை, ஒற்றும் தாளும் இல்லை. 'உருளொற்று' என்றால் பிள்ளைகள் மெய்யெழுத்துப் பாடம் என்று நினைப்பார்கள். இன்று நடக்கும் வேலையை எழுதுகிறேன், அதைப் பார்த்துப் பெயர் வையுங்கள்.

முதலில் ஆளை முழு உருவமாக ஒரே கோட்டில் சுற்றக் கூடாது. தலை, கழுத்து, மேற்கை, முன்கை, உள்ளங்கை, விரல் ஒவ்வொன்றும் தனி வடிவம். ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்கை மடங்கும்போது இடைவெளியில் பின்னணி எட்டிப்பார்க்கும். ஒரு வடிவத்தைத் தொடங்க வேண்டிய இடம் முதல் ஃபிரேம் அல்ல, அந்த உறுப்பு முழுதாகத் தெரியும் ஃபிரேம். புள்ளிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அசைவு திரும்பும் இடங்களில் முதலில் கீ (அந்த ஃபிரேமில் வடிவம் நிற்கும் நிலையைப் பதியும் குறி) வைத்து, பிறகு இடைவெளியைப் பாதி பாதியாகப் பிரித்துத் திருத்த வேண்டும். அதிலும் முதலில் வடிவத்தை மொத்தமாக நகர்த்தி, சுழற்றி, அதன் பிறகே தனிப்புள்ளியைத் தொடுவது முறை. புதிதாகக் கற்பவர்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் புள்ளியை இழுப்பார்கள். தோளில் இருந்த புள்ளி அடுத்த ஃபிரேமில் ஒரு விரற்கடை தள்ளி இருக்கும். ஓட்டிப் பார்த்தால் ஓரம் முழுக்க உலைநீர்போல் கொதிக்கும்.

அசைவு மங்கலை மறக்கக் கூடாது. 24 ஃபிரேமில் 180 பாகை ஷட்டர், அதாவது ஃபிரேம் நேரத்தில் பாதி திறந்திருக்கும் ஷட்டர் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் ஒளி வாங்குகிறது. வீசும் கை அதில் இழுபட்டுத்தான் தெரியும். வடிவத்துக்கும் அதே ஷட்டர் கணக்கைக் கொடுக்காவிட்டால் கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். தலைமுடியை இழை இழையாக வரைய முயல்வது வீண். உள்பகுதியை வரைந்துகொண்டு, நுனி முடியை ஒளி வேறுபாட்டை வைத்துப் பிரித்தெடுத்துச் சேர்க்க வேண்டும்.

ஆக, இது ஓரத்தைப் பிடிக்கும் வேலை. 'விளிம்பெடுப்பு' போதும். முடியாதென்றால் 'ரோட்டோ' என்றே விடுங்கள். கல்யாண ஆல்பம் செய்கிறவர் 'பென் டூல்ல கட் பண்ணு' என்கிறார், யாருக்கும் விளங்காமல் போகவில்லை.

ஊத்தங்கரையிலிருந்து

விளிம்பு மென்தொடர்க் குற்றியலுகரம், உகரம் கெட்டு எகரம் ஏறும். புணர்ச்சி சுத்தம். விளிம்பெடுத்தான், விளிம்பெடுப்பாளர் எல்லாம் திரிகிறது. என் வாக்கு இதற்கு.

பாலக்கோட்டிலிருந்து

புணர்ச்சி சரி, பொருள் சரியில்லை. படத்தில் நிறமோ ஒளியோ சட்டென மாறும் இடங்களைக் கணினி தானே கண்டுபிடிப்பதற்கு 'விளிம்பு கண்டறிதல்' என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அது வேறு, இது வேறு. தவிர, ரோட்டோவில் கடைசியில் கைக்கு வருவது கோடு அல்ல, கோட்டுக்கு உள்ளே உள்ள பரப்பு.

பென்னாகரத்திலிருந்து

பரப்புதான் வேண்டும் என்றால் நம் மண்ணிலேயே பெயர் இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பாருங்கள். வீரனைச் செதுக்கவில்லை, வீரனைச் சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி நீக்கியிருக்கிறார்கள், வீரன் மிஞ்சியிருக்கிறான். பின்னணியை நீக்கி ஆளை நிறுத்தும் கலை இதைவிட வேறென்ன? 'புடைப்பெடுப்பு' என்று வையுங்கள்.

அரூரிலிருந்து

அழகான எண்ணம். ஆனால் தொல்காப்பியம் நடுகல் எடுப்பதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு துறை சொல்கிறதே, அவற்றில் எந்தப் பெயரும் உளிவேலையைச் சுட்டவில்லை. கல்லைப் பார்த்ததற்குப் பெயர் உண்டு, குளிப்பாட்டியதற்குப் பெயர் உண்டு, செதுக்கியவனுக்கு இல்லை. இதைத் தனி இழையில் பேசலாம்.

ஓசூரிலிருந்து

தனி இழையிலேயே பேசுங்கள், ஐயா. புடைப்பு என்றால் மேடு. சாதாரணப் படத்தை முப்பரிமாணப் படமாக மாற்றும்போது முகத்தில் மூக்குக்கு ஓர் ஆழம், காதுக்கு ஓர் ஆழம் என்று உண்மையிலேயே புடைப்புக் கொடுக்கிறோம். அதற்கு முன்வேலை ரோட்டோ. இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்; அங்கே மாணவர் தடுமாறுவார்.

தருமபுரியிலிருந்து

புதன் ஆகிவிட்டது. 'வரைபிரிப்பு' எப்படி? கையால் வரைந்து பிரிப்பது. பச்சைத்திரை வேலைக்கு இணையாக 'நிறப்பிரிப்பு' வைத்துக்கொள்ளலாம். மாணவர் இரண்டையும் சேர்த்து நினைவில் வைப்பார்.

கிருஷ்ணகிரியிலிருந்து

இந்த மாவட்டத்தில் வரையைப் பிரிப்பவர்கள் கிரானைட் குவாரிக்காரர்கள்.

ஊத்தங்கரையிலிருந்து

வரை மலையையும் குறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே அது வினைப்பகுதி. வரைபடம், சுடுசோறு போல வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஒற்றில்லாமல் அச்சிட்டால் மலை என்று யாரும் படிக்கமாட்டார்கள்.

பாலக்கோட்டிலிருந்து

அம்மா, 'கதை கேட்டான்' என்பதில் ஒற்று மிகுகிறதா? இரண்டாம் வேற்றுமைத் தொகையிலும் மிகாது. எழுத்தைப் பார்த்துப் படத்தையும் மலையையும் வேறு பிரிக்க வழியில்லை. இன்னொன்று: வரைபடம் என்றால் வரைந்த படம். 'வரைந்த பிரிப்பு' என்று எதைச் சொல்வீர்கள்? யாரும் பிரிப்பை வரைவதில்லை, வரைந்து பிரிக்கிறார்கள். வினைத்தொகை என்று நிறுவ முடியாது.

அதோடு, பிரித்தபின் கிடைக்கும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'மேட்' (matte) எனப்படுவதற்கு, ஏட்டில் 'மறைப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மூன்று எழினி, அதாவது மேடைத்திரை, சொல்கிறது. அதில் ஒன்று கரந்துவரல் எழினி; கரத்தல் என்றால் மறைதல். 'கரப்பு' என்றால் என்ன குறை?

ஓசூரிலிருந்து

கரப்பான்பூச்சி நினைவு வரும், அதுதான் குறை. மேட்டில் வெள்ளை இருக்கும் இடத்தில் ஆள் தெரிவார், கறுப்பில் தெரியமாட்டார், சாம்பலில் பாதி தெரிவார். 8 பிட்டில், அதாவது 0 முதல் 255 வரையான அளவில், 255 முழுத் தெரிவு, 0 முழு மறைவு. மறைப்பது மட்டுமல்ல, எவ்வளவு காட்ட வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. அந்த அளவைக் குறிக்கும் ஆல்ஃபாவை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். இரண்டு படத்தைக் கலக்கும் சமன்பாட்டில் வரும் கிரேக்க எழுத்து அது, கணக்குப் பாடத்தில் அப்படியேதான் படிக்கிறார்கள்.

தருமபுரியிலிருந்து

வியாழன் இரவு. வரைபிரிப்புக்கு நால்வர், விளிம்பெடுப்புக்கு ஒருவர், புடைப்பெடுப்புக்கு ஒருவர். நால்வரில் இருவர் 'வேறு வழியில்லாததால்' என்று எழுதியிருக்கிறார்கள். ஏட்டில் முதல் இடத்தில் 'ரோட்டோ எனப்படும் வரைபிரிப்பு' என்றும், பிறகு வரைபிரிப்பு என்றும் வரும். மேட்டுக்கு மறைப்பு. பச்சைத்திரையிலிருந்து தோளிலும் முடியிலும் ஏறும் பச்சைக்குக் 'கசிவு' என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் காலை எட்டு மணிக்குள்.

பென்னாகரத்திலிருந்து

மறுப்பு உண்டு. ஓட்டை இருந்தால்தான் கசியும். இது திரையில் பட்ட ஒளி திரும்பி ஆள்மேல் விழுவது. அதனால்தான் ஆளைத் திரையிலிருந்து ஆறு, எட்டு அடியாவது முன்னே நிறுத்தச் சொல்கிறோம். மிஞ்சியதை மென்பொருளில் குறைக்கும்போதும், பச்சை அளவு சிவப்பு, நீலம் இரண்டின் சராசரியைத் தாண்டினால் அந்தச் சராசரிக்கு இறக்குகிறோம். ஓட்டை அடைக்கும் வேலை எங்கும் இல்லை. 'பச்சைப்படிவு' என்று போடுங்கள். புடைப்பெடுப்பைப் பற்றி அடுத்த பதிப்பில் பேசிக்கொள்கிறேன்.

ஓசூரிலிருந்து

படிவு என்றால் துடைத்தால் போய்விடும் என்று நினைப்பார்கள். கசிவே இருக்கட்டும்.