தெமோதரை லூப் மாடல்: ஏற்றத்தில் எஞ்சின் வழுக்குகிறது, வளைவில் பெட்டி இறங்குகிறது

கொட்டகலைத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். 8க்கு 4 அடி பிளைவுட்டில், நம் இலங்கை மலைநாட்டு ரயில் பாதை வளையமாகச் சுற்றுகிற தெமோதரை லூப்பை மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். மாடலின் அளவு ‘N’ ஸ்கேல், அதாவது 1:160, தண்டவாள அகலம் 9 மி.மீ. நம்முடைய பாதை 5 அடி 6 அங்குலம் என்பதால் கணக்குப்படி பத்தரை மி.மீ. வர வேண்டும், ஆனால் அந்த அகலத்தில் தண்டவாளத்தைக் கையாலேயே கட்ட வேண்டியிருக்கும், அதனால் அதை விட்டுவிட்டேன். எல்ல பக்கமிருந்து வருகிற கோச்சி (ரயில்) ஸ்டேஷனைத் தாண்டி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைக்குப் போக வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் இவ்வளவும்.

இப்போது வளைவின் ஆரம் 28 செ.மீ., மேல் பாதைக்கும் கீழ்ப் பாதைக்கும் உயர வித்தியாசம் 5 செ.மீ. பெட்டி ஒவ்வொன்றும் 13 செ.மீ. நீளம். கீழேயிருந்து திரும்பி வரும்போது மூன்று பெட்டி என்றால் ஏறுகிறது, ஐந்து போட்டால் பாதி வழியில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அப்புறம், வளைவில் இரண்டு துண்டு தண்டவாளம் சேருகிற இடத்தில் பெட்டியின் முன் போகி (அடியில் இருக்கும் சக்கரத் தொகுதி) தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடுகிறது. இன்னும் எதையும் ஒட்டவில்லை, குண்டூசியில்தான் நிற்கிறது. எஞ்சினுக்குள் ஈயம் வைத்துப் பாரம் ஏற்றினால் போதுமா, இல்லை பாதையையே மாற்ற வேண்டுமா?

பதுளை லைன்:
தம்பி, ஒட்டாமல் கேட்டது நல்லது. பாரம் ஏற்றுவதைப் பிறகு பார்க்கலாம், முதலில் கணக்கைப் பாருங்கள். 28 செ.மீ. ஆரத்துக்குச் சுற்றளவு ஏறக்குறைய 1.76 மீட்டர். ஸ்டேஷன் மட்டமாக இருக்க வேண்டும், அதற்கு 25 செ.மீ. கழித்தால் ஏறுவதற்கு மிஞ்சுவது ஒன்றரை மீட்டர். அதில் 5 செ.மீ. ஏறினால் 30க்கு 1, அதாவது 30 செ.மீ. ஓடினால் 1 செ.மீ. ஏற்றம். மலைநாட்டுப் பாதையிலேயே மிகக் கடுமையான ஏற்றம் 44க்கு 1தான், நீங்கள் அதைவிடச் செங்குத்தாகப் போட்டிருக்கிறீர்கள், அதுவும் முழுக்க வளைவில். வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசும், அதுவே இன்னொரு ஏற்றம் மாதிரி இழுக்கும்.

தெமோதரையில் லூப் போட்டதே ஏற்றத்தைக் கூட்டாமல் பாதையை நீட்டத்தான். நீங்களும் அதையே செய்யுங்கள். ஆரத்தை 40 செ.மீ. ஆக்கினால் சுற்றளவு இரண்டரை மீட்டர், ஸ்டேஷனுக்கு 30 செ.மீ. விட்டாலும் 2.2 மீட்டர் இருக்கும். 5 செ.மீ. ஏற அது சரியாக 44க்கு 1. சுரங்கத்துக்கு மேல் பலகைக்குப் பதிலாக மெல்லிய அலுமினியத் தகடு போட்டால் உயர வித்தியாசம் நாலரை செ.மீ. போதும், அப்போது 49க்கு 1 ஆகிவிடும். அந்த மிச்சத்தை ஏற்றம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மெதுவாக வளைக்கச் செலவழியுங்கள். மட்டத்திலிருந்து திடீரென்று ஏறினால் நீளமான பெட்டியின் கொக்கி தூக்கிக்கொண்டு கழன்றுவிடும். ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று மாடல்காரர்கள் சொல்வார்கள், உங்கள் பெட்டிக்கு அது 39 செ.மீ., ஆகவே 40 எல்லா விதத்திலும் பொருந்துகிறது.

நாவலப்பிட்டி ஷெட்:
பின்னால் இன்னொரு எஞ்சினைத் தள்ளவிட்டால் என்ன? அந்தக் காலத்தில் ரம்புக்கனையில் அப்படி மாட்டித்தானே கடுகண்ணாவ ஏற்றத்தை ஏறினார்கள்.

பதுளை லைன்:
நிஜத்தில் சரி. மாடலில் இரண்டு எஞ்சினும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் நடுவில் இருக்கிற லேசான பெட்டி வளைவில் வெளியே தள்ளப்படும். முதலில் ஒரே எஞ்சின் ஏறுகிற மாதிரி பாதையைச் சரி செய்யட்டும்.

ஹட்டன் அக்கா:
போகி இறங்குகிற இடத்தில் கன்னத்தைப் பலகையோடு வைத்து, தண்டவாள மட்டத்திலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள் தம்பி, இணைப்பு கோணலாக முறிந்திருப்பது தெரியும். வளைகிற தண்டவாளத்தின் நுனி எப்போதும் நேராகத் திரும்பப் பார்க்கும். அதனால் இரண்டு துண்டையும் மேசையில் நேராக வைத்து இணைத்து, ஈயம் பற்றவைத்து, ஆறிய பிறகு ஒரே துண்டாக வளையுங்கள். பற்றவைத்த ஈயம் உள்பக்கம் வழிந்திருந்தால் அரத்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சக்கர விளிம்பு அதில் ஏறும். நேர்பாதையிலிருந்து வளைவுக்குப் போகும் இடத்தைப் படிப்படியாக வளைக்க வேண்டும். சுவரில் வயர் ஓடவிடுகிற பிளாஸ்டிக் கேசிங் ஒரு நீளம் வாங்கி வளைத்துப் பிடித்து, அதன் ஓரமாகப் பென்சில் கோடு இழுத்தால் அழகாக வரும்.

எல்லா இணைப்பையும் பற்றவைத்துவிடாதீர்கள். நேர்பாதையில் சில இடங்களில் ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். தண்டவாளம் வெயிலில் நீளுவது மீட்டருக்குக் கால் மி.மீ. அளவுதான், நம் பக்கத்தில் மோசம் செய்வது மரம். மே, ஜூன் மழையில் ஈரம் குடித்து ஊதும், ஜனவரிக்குப் பிறகு காய்ந்து சுருங்கும், தண்டவாளம் பாம்பாக நெளியும். பிளைவுட்டின் மேல், அடி, முக்கியமாக வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு கை பெயின்ட் அடித்த பிறகே தண்டவாளம் வையுங்கள். மின்சாரத்துக்கும் இணைப்புத் தகட்டை நம்ப வேண்டாம், ஈரத்தில் களிம்பு பிடித்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து தனி வயர் கொடுங்கள்.

கொட்டகலைத் தம்பி:
அக்கா, அண்ணே, மிக்க நன்றி. விட்டம் 80 செ.மீ. நாலடிக்குள் அடங்கும், இன்றைக்கே கோடு போடுகிறேன். தண்டவாளத்துக்கு நடுவே போடுகிற சல்லிக் கல்லுக்கு ஆற்று மணலைச் சலித்துப் போடலாமா? தண்டவாளத்தில் தூசி துடைக்க உப்புத்தாள்?

ஹட்டன் அக்கா:
உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், அது போடுகிற கீறலில்தான் அடுத்த அழுக்கு தங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். மணலைக் கழுவிக் காயவைத்து, தேநீர் வடியில் சலித்து, அதன் மேல் காந்தத்தை ஓட்டுங்கள். நம் மணலில் கறுப்புத் துகள் இருக்கும், அது மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மர வேலைக்கான வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு விட்டு, துளித்துளியாக ஊற்றுங்கள், பாதை பிரிகிற பாயிண்டின் அசைகிற நாக்குப் பக்கம் மட்டும் போகக் கூடாது. இதையெல்லாம் ஐந்து பெட்டியோடு ஏறி இறங்கி, பின்னோக்கித் தள்ளியும் ஓட்டிப் பார்த்த பிறகு செய்யுங்கள். பின்னோக்கித் தள்ளும்போதுதான் மோசமான இணைப்பு காட்டிக்கொடுக்கும்.